பின்னால் இடிபட்ட மைவி கார்: 800 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு விடுவதா, கிளெய்ம் போடுவதா?

செந்தூல் வாணி · செவ்வாய், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். இன்று மாலை ஜாலான் ஈப்போவில் சிவப்பு விளக்குக்கு நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்த சாகா கார் என் மைவியில் மோதிவிட்டது. முன்னால் நின்ற காடிக்கும் எனக்கும் நல்ல இடைவெளி இருந்ததால் நான் யாரையும் இடிக்கவில்லை. மகள் பின்சீட்டில், சைல்ட் சீட்டில் இருந்தாள். பயந்து அழுதாள், வேறொன்றும் இல்லை.

வெளியே பார்த்தால் பெரிய சேதம் கிடையாது. பம்பரில் கீறல், வலது மூலை கொஞ்சம் அமுங்கியிருக்கிறது. விளக்கு உடையவில்லை. இடித்தவர் கல்லூரிப் பையன். "அக்கா, போலீஸ் ரிப்போர்ட் மட்டும் வேண்டாம், 800 வெள்ளி இப்போதே போட்டுவிடுகிறேன்" என்று கெஞ்சினார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பணம் வாங்கவில்லை. ஐசி (அடையாள அட்டை), லைசென்ஸ், நம்பர் பிளேட், இரண்டு காடியும் நின்ற நிலை எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

காடி வாங்கி ஏழு வருடம். ஃபர்ஸ்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் (நம் காடிச் சேதத்துக்கும் சேர்த்து). என்சிடி, அதாவது கிளெய்ம் போடாத வருடங்களுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி, 55 சதவீதம். கிளெய்ம் போட்டால் அது போய்விடுமே என்று வீட்டுக்காரர் கவலைப்படுகிறார். தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் ஃபோர்மன், அதாவது மெக்கானிக், படத்தைப் பார்த்துவிட்டு, "பம்பர் மாற்றி ஸ்ப்ரே அடிக்க 650" என்கிறார். அப்படியென்றால் 150 வெள்ளி லாபம் என்று மாமியார் கணக்கே முடித்துவிட்டார். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

ரவாங் ராஜா · செவ்வாய், இரவு 9.31

காசை வாங்கிக்கொள்ளுங்கள் தங்கச்சி. பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) போய் உட்கார்ந்தால் அரை நாள் போகும். அப்புறம் இன்சூரன்ஸ்காரன் படம் கேட்பான், கடிதம் கேட்பான், பாகம் வரவில்லை என்பான். காடி மூன்று வாரம் பட்டறையில் தூங்கும். அந்த மூன்று வாரமும் கிராப் வாடகைக் காருக்குக் கொடுக்கிற காசு எவ்வளவு என்று யோசியுங்கள். பம்பர்தானே. 800 வருகிறது, 650 செலவு, முடிந்தது கதை. அந்தப் பையனுக்கும் புண்ணியம்.

ஏஜென்ட் தம்பி · செவ்வாய், இரவு 9.58

ராஜா அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். நான் மோட்டார் இன்சூரன்ஸ்தான் பார்க்கிறேன். அக்கா, முதலில் நேரத்தைக் கவனியுங்கள். பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். நாளை மாலைக்குள் போய்விடுங்கள். கோலாலம்பூர் எல்லைக்குள் நடந்ததால் ஜாலான் துன் எச்.எஸ். லீ டிராஃபிக் பாலாய். காடியையும் ஓட்டிக்கொண்டு போங்கள், அங்கேயே படம் எடுப்பார்கள். அதற்கு முன் எதையும் கழற்றவோ தட்டவோ வேண்டாம்.

அடுத்து என்சிடி. இதில்தான் முக்கால்வாசிப் பேர் குழம்புகிறார்கள். தப்பு உங்கள் மேல் இருந்து, உங்கள் பாலிசியில் கிளெய்ம் செய்தால் என்சிடி பூஜ்யம் ஆகும். நின்றுகொண்டிருந்த காடியைப் பின்னாலிருந்து இடித்தால் தப்பு யாருடையது என்று சொல்லவே வேண்டாம். இந்த மாதிரி கேசுக்குத்தான் 'நாக் ஃபார் நாக்' இருக்கிறது. உங்கள் கம்பெனியிலேயே கிளெய்ம் செய்கிறீர்கள், உங்கள் கம்பெனியே பழுது பார்க்கிறது, உங்கள் என்சிடியில் கை வைக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் தனியார் காடி, இரண்டு பக்கமும் ஃபர்ஸ்ட் பார்ட்டி என்றால் வேலை சுலபம். அந்தப் பையனின் பாலிசி என்ன வகை என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பையன் ஏன் கெஞ்சுகிறார் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. போலீசுக்குப் போனால் 300 வெள்ளி சம்மன். மூன்றாம் தரப்பு அவர் மேல் கிளெய்ம் போட்டால் அவர் என்சிடி போகும். என்சிடி படிகள் 25, 30, 38.33, 45, 55 சதவீதம். அடிப்படைப் பிரீமியம் 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 55 சதவீதத்தில் இருந்தவர் கட்டுவது 450. பூஜ்யத்துக்குப் போனால் முதல் வருடம் முழு 1,000. மறுபடி ஒவ்வொரு படியாக ஏறி 55-ஐத் தொடுவதற்குள், சுமார் 1,367 வெள்ளி கூடுதலாகக் கட்டியிருப்பார். சின்ன வயது, இன்னும் உச்சிக்கு வந்திருக்க மாட்டார், அதனால் அவர் நஷ்டம் இதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனாலும் 800 வெள்ளி கொடுத்து முடிப்பது அவருக்கு நல்ல பேரம். உங்களுக்கு நல்ல பேரமா என்பது பம்பருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

பழைய ஃபோர்மன் · செவ்வாய், இரவு 10.40

தம்பி சொன்ன கடைசி வரிதான் விஷயம். படத்தைப் பார்த்து 650 என்று சொன்ன ஃபோர்மன் நல்லவராகவே இருக்கட்டும், ஆனால் பின்னால் இடிபட்ட காடிக்குப் படத்தைப் பார்த்து விலை சொல்ல முடியாது.

பம்பர் என்று நாம் வெளியே பார்ப்பது வெறும் பிளாஸ்டிக் மூடி. இடி வாங்கும்போது உள்ளே போகும், விட்டதும் பாதி தானாகவே வெளியே வந்துவிடும். அதனால்தான் ஒன்றும் ஆகாதது போலத் தெரிகிறது. அதற்குப் பின்னால் குறுக்கே ஓர் இரும்பு பார். அது இரண்டு பக்கமும் சேஸி (காடியின் இரும்புச் சட்டம்) நுனியில் போல்ட் போட்டு நிற்கும். அந்த பாரும் நுனியும்தான் அடியைத் தாங்குகின்றன. அவை மடங்கினால் எண்ட் பேனல், அதாவது பின்கதவு வந்து பூட்டுகிற தகடு, அப்புறம் ஸ்பேர் டயர் குழி என்று அடி உள்ளே நகரும். இரும்பு திரும்பி வராது.

இப்போதே டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள் வாணி. பின்கதவை மூடிவிட்டு, கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை இடது பக்கமும் வலது பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் விரல் நகம் நுழைந்து, மறுபக்கம் விரலே நுழைந்தால் சேஸியோ பேனலோ நகர்ந்திருக்கிறது. அப்புறம் பூட் (டிக்கி) கார்ப்பெட்டைத் தூக்கி ஸ்பேர் டயரை எடுத்துவிட்டுக் குழியைத் தடவிப் பாருங்கள். தகடு சேரும் இடத்தில் ரப்பர் மாதிரி ஒரு சீலர் பூசியிருப்பார்கள். அது வெடித்திருந்தால் அந்த இடம் அசைந்திருக்கிறது என்று அர்த்தம். பெயின்ட் நொறுங்கி உதிர்ந்திருந்தாலும் அதே கதைதான்.

செந்தூல் வாணி · செவ்வாய், இரவு 11.25

அண்ணே, பார்த்தேன். வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார். கதவு இடைவெளி இடது பக்கம் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர், வலது பக்கம் எட்டு. பள்ளிக்கூட ஸ்கேல் வைத்து அளந்தோம். கதவை மூடும்போது வழக்கத்தைவிட அழுத்த வேண்டியிருக்கிறது. இதை மாலையிலேயே உணர்ந்தேன், மனசு பதற்றத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்பேர் டயர் குழியில் வலது ஓரமாக ஒரு சுருக்கம். துணியை மடித்து விரித்தால் ஒரு கோடு விழுமே, அந்த மாதிரி. அதன் மேலே சாம்பல் நிற சீலர் ஒரு விரல் நீளத்துக்கு வெடித்திருக்கிறது. நகத்தால் தொட்டால் உதிர்கிறது.

மாமியாரின் 150 வெள்ளி லாபத்தை மறந்துவிடலாம் போலிருக்கிறது.

பட்டர்வொர்த் தேவி · புதன், காலை 7.05

சீலர் வெடித்ததை இலேசாக விடாதீர்கள் வாணி. என் மைத்துனர் காடியைப் பினாங்குப் பாலத்து ஜாமில் பின்னால் தட்டினார்கள். ஐந்நூறு வாங்கிக்கொண்டு, பம்பரை மட்டும் பிறை ஊரில் மாற்றினார். மழைக்காலம் வந்ததும் பூட் உள்ளே ஈர வாடை. கார்ப்பெட்டைத் தூக்கினால் குழியில் தண்ணீர் தேங்கி, ஸ்பேர் ரிம் துருப்பிடித்து, தகடும் அரிக்கத் தொடங்கியிருந்தது. அதற்குள் இடித்தவர் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார். கையில் போலீஸ் ரிப்போர்ட்டும் இல்லை.

இன்னொன்று. பணம் வாங்குபவர்கள் சிலர் 'இதோடு எல்லாம் தீர்ந்தது' என்று கடிதத்தில் கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள். போட்டபிறகு உள்ளே எவ்வளவு சேதம் தெரிந்தாலும் மறுபடி கேட்பது கஷ்டம்.

ரவாங் ராஜா · புதன், காலை 8.20

சரி, இந்தக் கேசில் அடி உள்ளே போயிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்சூரன்ஸ் எல்லாம் இலவசம் என்று நினைக்க வேண்டாம். ஏழு வருடக் காடிக்கு 'பெட்டர்மென்ட்' என்று ஒன்று வைத்திருக்கிறான். பழைய பாகத்துக்குப் புதுப் பாகம் போட்டால் நீயும் காசு போடு என்பான். என் நண்பனுக்கு அப்படித்தான் கையை விட்டுப் போனது. அதைத் தம்பி சொல்லவே இல்லையே?

ஏஜென்ட் தம்பி · புதன், காலை 9.02

சொல்ல வந்தேன் அண்ணே, நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

ஐந்து வருடம் ஆன காடிக்கு 15 சதவீதம், ஆறுக்கு 20, ஏழுக்கு 25, எட்டுக்கு 30, ஒன்பதுக்கு 35, பத்தும் அதற்கு மேலும் 40. இதுதான் வழக்கமான அளவு. ஆனால் இது புதுப் பாகத்தின் விலைக்கு மட்டும். கூலி, பெயின்ட், இழுத்து நேராக்குவது எதற்கும் கிடையாது. வாணி அக்கா காடியில் பாகம் மட்டும் 1,200 வெள்ளி வந்தால் அவர் பங்கு 300. பாலிசி எடுக்கும்போது பெட்டர்மென்ட் விலக்கு சேர்த்திருந்தால் அதுவும் இல்லை. பாலிசித் தாளில் பார்க்கவும். கடையில் வேலை தொடங்கும் முன்பே இந்தத் தொகையை எழுத்தில் வாங்கிவிடுங்கள். காடி எடுக்கப் போகும் நாளில் திடீரென்று காதில் போடுவார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. உங்கள் கம்பெனியை விட்டுவிட்டு, அந்தப் பையனின் கம்பெனி மேல் மூன்றாம் தரப்பு கிளெய்ம் போடலாம். அதற்கு போலீஸ் விசாரணை முடிவு வேண்டும், அட்ஜஸ்டர் (சேதத்தை மதிப்பிடுபவர்) வர வேண்டும், அவர்கள் தொகை சொல்வார்கள், நீங்கள் பேரம் பேச வேண்டும். இழுக்கும். உங்கள் பாலிசி தேர்ட் பார்ட்டி (அடுத்தவர் சேதத்துக்கு) மட்டும் என்றால் இந்த ஒரே வழிதான். ஃபர்ஸ்ட் பார்ட்டி கையில் இருக்கும்போது நான் நாக் ஃபார் நாக்தான் போகச் சொல்வேன்.

கிராப் மணியம் · புதன், மதியம் 1.15

காடி நின்றால் சோறு இல்லாதவன் பேசுகிறேன். நாக் ஃபார் நாக் போட்டாலும், காடி பட்டறையில் நிற்கும் நாட்களுக்கான இழப்பீட்டை இடித்தவரின் கம்பெனியிடம் தனியாகக் கேட்கலாம். 'கார்ட்' என்று சொல்வார்கள். பட்டறை எத்தனை நாள் வைத்திருந்தது என்பது கணக்கு இல்லை, இந்த வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று அட்ஜஸ்டர் எழுதுகிறாரே அதுதான் கணக்கு. எஞ்சின் சிசியைப் பொறுத்து ஒரு நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம். பெரிய பணம் இல்லை, ஆனாலும் விடக்கூடாது. கேட்காமல் யாரும் கொடுப்பதில்லை. அட்ஜஸ்டர் ரிப்போர்ட் நகல் கேட்டு வாங்கி வையுங்கள்.

கிராப் ஓட்டுகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பாலிசியில் இ-ஹெய்லிங் (செயலி வழி வாடகை ஓட்டம்) சேர்க்காமல் ஓட்டினால், பயணி ஏற்றிய நேரத்தில் இடிபட்டால் கிளெய்மே சிக்கல். அப்புறம் ஹைவேயில் காடி நின்றால், கூப்பிடாமலே வருகிற டோ டிரக்கில் ஏற்றாதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவான், காடி எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனி எண்ணையோ ஹைவே எண்ணையோ அழையுங்கள்.

செந்தூல் வாணி · வெள்ளி, இரவு 8.48

நன்றி எல்லாருக்கும். நிலவரம் சொல்கிறேன்.

புதன் மதியமே ரிப்போர்ட் போட்டாயிற்று. பையனுக்கும் முன்கூட்டியே போன் செய்து சொன்னேன். முதலில் கோபம், அப்புறம் அவர் அப்பா பேசினார், சரி என்று விட்டார்கள். அவர்களுக்கும் ஃபர்ஸ்ட் பார்ட்டிதான். நாக் ஃபார் நாக்கில் கிளெய்ம் பதிவாகிவிட்டது. கம்பெனி அங்கீகரித்த (பேனல்) பட்டறை ஒன்று சேகாம்புட்டில். இன்று பம்பரைக் கழற்றினார்கள், நானும் போய் நின்று பார்த்தேன். உள்ளே இருக்கும் பார் வலது பக்கம் நன்றாக மடங்கிவிட்டது. எண்ட் பேனல் உள்ளே தள்ளியிருக்கிறது. வலது சேஸி நுனியும் கொஞ்சம் வளைந்திருக்கிறது.

பட்டறைத் தலைவர் சொல்வது: பம்பர், பார் இரண்டும் புதிது. சேஸி நுனியை மேடையில் வைத்து இழுத்து நேராக்கலாம். எண்ட் பேனலுக்கு இரண்டு வழி. ஒன்று, இதையே இழுத்துத் தட்டி நேராக்குவது. இல்லையென்றால் ஸ்பாட் வெல்டை (புள்ளிப் பற்றவைப்பை) பிரித்து, புதுத் தகடு வைப்பது. நடுவில் தாமான் ஃபோர்மன் வேறு, "கெடாய் போத்தோங்கில் (பழைய காடியை வெட்டிப் பாகம் விற்கும் கடையில்) நல்ல மைவி பின்பாதி இருக்கிறது, அப்படியே வெட்டி ஒட்டிவிடலாம், மலிவு" என்கிறார். எது நல்லது அண்ணே?

பழைய ஃபோர்மன் · வெள்ளி, இரவு 10.05

பின்பாதியை வெட்டி ஒட்டுவதை நினைக்கவே வேண்டாம். தரையையும் சேஸியையும் குறுக்கே அறுத்து இன்னொரு காடியின் பாதியை ஒட்டினால், அடுத்த அடியில் எங்கே மடங்கும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். காடியை விற்கும் நாளில் பெயர் மாற்றப் பரிசோதனையில் அந்த ஒட்டு தெரிந்தால் பாஸ் பண்ண மாட்டார்கள். பழைய விளக்கு, பழைய பின்கதவு, இந்த மாதிரி போல்ட் போட்டு மாட்டுகிற சாமான் வாங்குவதற்கு கெடாய் போத்தோங் நல்ல இடம். புதுப் பாகம் இல்லாததால் பெட்டர்மென்ட்டும் வராது. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எண்ட் பேனல். தகடு வெறுமனே உள்ளே அமுங்கியிருந்தால் இழுத்துத் தட்டலாம், நல்ல கெத்தோக்காரர் (தகடு தட்டுபவர்) கையில் கண்டுபிடிக்கவே முடியாது. ஃபேக்டரி வெல்டைப் பிரிக்காமல் வைத்திருப்பதும் ஒரு நன்மை. ஆனால் பூட்டு மாட்டும் இடத்திலோ சேஸியோடு சேரும் மூலையிலோ கூர்மையாக மடிந்திருந்தால் இழுக்கக்கூடாது. மடிந்த தகடு நேரானாலும் மடிப்பில் பலம் போயிருக்கும், சில நேரம் கீறலே விடும். மேலே புட்டி போட்டு மறைப்பார்கள். நீங்கள் சொன்ன எட்டு மில்லிமீட்டரை வைத்துப் பார்த்தால் மூலையில்தான் அடி. நானாக இருந்தால் புதுத் தகடு வைத்து ஸ்பாட் வெல்ட் செய்யச் சொல்வேன். முடித்த பிறகு சீலர் பூசி, உள்பக்கம் துருத் தடுப்பு மெழுகு அடிக்க வேண்டும். இந்த மெழுகைத்தான் எல்லாரும் மறப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது பாருங்கள்.

சேஸி நுனியைக் கேஸ் விளக்கால் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி நேராக்கினால் உடனே நிறுத்துங்கள். இந்தக் காலத்து இரும்புக்கு அது ஆகாது. மேடையில் கட்டி, அளவு எடுத்து, மெதுவாக இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் எடுத்த அளவைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அளவே எடுக்கவில்லை.

ஏஜென்ட் தம்பி · சனி, காலை 9.40

அக்கா, கழற்றிய பிறகு தெரிந்த சேதத்தைப் பட்டறை கூடுதல் மதிப்பீடாக அனுப்பி அட்ஜஸ்டரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் வந்த பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். புதுத் தகடு வேண்டும் என்றால் காரணத்தோடு படம் போட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். கம்பெனியோடு ஒத்துவராவிட்டால் பேங்க் நெகாரா (மத்திய வங்கி) இருக்கிறது, நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவையும் (புகார் தீர்க்கும் அமைப்பு) இருக்கிறது.

பட்டர்வொர்த் தேவி · சனி, காலை 10.22

இரும்பையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், பிள்ளையை மறந்துவிட்டீர்கள். வாணி, சைல்ட் சீட்டை மாற்றுங்கள். சேஸி வளையும் அளவுக்கு அடி என்றால் அந்த சீட்டும் அதே அடியை வாங்கியிருக்கிறது. பிளாஸ்டிக்கில் முடி மாதிரி கீறல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. சீட்டோடு வந்த கையேட்டில் விபத்துக்குப் பிறகு என்ன செய்யச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். பின்சீட்டில் ஐசோஃபிக்ஸ் கொக்கி (சைல்ட் சீட்டை மாட்டுவது) நேராக இருக்கிறதா என்றும் பட்டறையில் கேளுங்கள். உங்கள் கழுத்து எப்படி? பின் இடியில் வலி பல நேரம் அடுத்த நாளோ அதற்கு மறுநாளோதான் வரும். வலி இருந்தால் கிளினிக் போய் மருத்துவச் சீட்டு வாங்கி வையுங்கள்.

செந்தூல் வாணி · சனி, மாலை 4.50

கழுத்து வியாழக்கிழமை இறுகியிருந்தது அக்கா, கிளினிக் போய்விட்டேன், மருந்தும் சீட்டும் இருக்கிறது. சைல்ட் சீட் புதிது வாங்குகிறோம்.

புதுத் தகடுதான் என்று முடிவு. மூலையில் மடிப்பு இருக்கிறதா என்று கேட்டதும் பட்டறைக்காரரே விரல் வைத்துக் காட்டினார், இருக்கிறது. அளவுத் தாளும் காட்டுகிறேன் என்றார். பெட்டர்மென்ட் விலக்கு என் பாலிசியில் இல்லை. பம்பர், பார், தகடு மூன்றும் புதிது என்பதால் என் பங்கு 340 வெள்ளி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது எனக்குச் சம்மதம்.

பழைய ஃபோர்மன் · சனி, மாலை 5.30

நல்லது. காடி எடுக்கப் போகும்போது பகல் வெளிச்சத்தில் போங்கள். பம்பர் நிறமும் பக்கத்துத் தகட்டு நிறமும் ஒத்துப்போகிறதா என்பது பட்டறை விளக்கில் தெரியாது. கதவு இடைவெளியை அதே ஸ்கேலால் அளங்கள். ரிவர்ஸ் சென்சார் எல்லாம் கத்துகிறதா என்று ஒவ்வொன்றின் முன்னும் நின்று பாருங்கள். கடைசியாக, கதவை மூடி, வெளியே தண்ணீர்க் குழாய் பிடித்து, உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்.

ரவாங் ராஜா · சனி, இரவு 9.15

இவ்வளவு விவரம் பேசுகிறீர்கள், ஒன்று கேட்கிறேன். மகனின் ஆக்சியா காரை நேற்று ரவாங் டோல் பக்கத்தில் லாரி பின்னால் தட்டிவிட்டது. லாரிக்கும் இந்த நாக் ஃபார் நாக் உண்டா? டிரைவர் 500 தருகிறேன் என்கிறான்.

ஏஜென்ட் தம்பி · சனி, இரவு 9.21

ரிப்போர்ட் போட்டாயிற்றா அண்ணே? லாரி என்றால் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது, முதலில் மகனின் கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். நேற்று எத்தனை மணிக்கு நடந்தது?